ஜன்னல் மாற்றப் போகிறீர்களா?



நல்லதண்ணியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இரண்டு மாதமாக என் மேசையில் கிடந்தது. தொழுகை, நோன்பு, மஹர், சொத்துப் பங்கு என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நடுவே அது கொஞ்சம் வித்தியாசமான கடிதம். "மௌலவி, எங்கள் வீட்டு ஜன்னல்கள் உக்கிப் போய்விட்டன. மாற்ற வேண்டும். அவர் ஒன்று சொல்கிறார், மாமி ஒன்று சொல்கிறார், கட்டாரில் இருக்கும் மச்சான் ஒன்று சொல்கிறார். மார்க்கம் என்ன சொல்கிறது?" என்று கேட்டிருந்தார். ஜன்னலுக்கும் மார்க்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். உண்மையைச் சொன்னால், முதலில் நானும் அப்படித்தான் நினைத்துக் கடிதத்தை ஓரமாக வைத்தேன்.

பின்னர் ஒரு நிகாஹுக்காக மஸ்கெலியா போக வேண்டி வந்தது. மனைவியும் கூட வந்தார். அங்கிருந்து நல்லதண்ணிக்குப் பயணம் அதிகமில்லை. கடிதம் நினைவுக்கு வந்தது. வீட்டாருக்குச் சொல்லி அனுப்பிவிட்டுப் போனோம்.

நல்லதண்ணியைப் பார்க்காத சகோதரிகளுக்காக இரண்டு வார்த்தை. ஹட்டனிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். மவுஸாகலை நீர்த்தேக்கத்தைச் சுற்றிக்கொண்டு பாதை போகும். 1969ஆம் ஆண்டு அந்த அணை கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்கு அடியில் போனது. நீர் வற்றும் காலத்தில் பழைய கட்டடங்களின் எச்சங்கள் இன்றும் தலை காட்டும். பாதையின் முடிவில், 2,243 மீட்டர் உயரமான மலையின் அடிவாரத்தில் நல்லதண்ணி. நம் முன்னோர் பாவாத மலை என்று அழைத்தது இந்த மலையைத்தான். 1344ஆம் ஆண்டில் இப்னு பதூதா ஏறிய மலை. பௌத்தர்கள் ஸ்ரீபாத என்றும், இந்துக்கள் சிவனொளிபாதம் என்றும் சொல்லுகிறார்கள். டிசம்பர் மாதப் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரைக்கும் ஜனங்கள் வந்துகொண்டே இருப்பார்கள். சூரியன் உதிக்கும் நேரத்துக்கு உச்சியில் நிற்க வேண்டும் என்பதால் இராத்திரியில்தான் ஏறுவார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சகோதரியின் கணவர் அந்தச் சீஸனை நம்பிக் கடை வைத்திருப்பவர். கம்பளித் தொப்பி, மப்ளர், டோர்ச், இனிப்புப் பண்டங்கள். வீடு பாதை ஓரம். முன்பக்கம் பாதையைப் பார்த்த இரண்டு ஜன்னல்கள், மேற்குச் சுவரில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, குசினியில் ஒன்று. ஆக ஐந்து. எல்லாம் பழைய மரம். தென்மேற்குப் பருவமழை அந்தப் பக்கத்தில் மாதக்கணக்காக நிற்காது. மழை விட்டால் மூடுபனி. நிலைகளின் அடிப்பாகம் விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. மூட முடியாத ஜன்னல் ஒன்று, திறக்க முடியாத ஜன்னல் இரண்டு.

கணவரின் யோசனை, முன்பக்கத்து இரண்டையும் இடித்து ஒன்றாக்கி, பாதையைப் பார்த்தபடி பெரிய அலுமினியக் கண்ணாடி போடுவது. கட்டாரிலிருந்து மச்சான் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கிறார், பணமும் கொஞ்சம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். "வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாது மௌலவி, ஆனால் உள்ளேயிருந்து எல்லாம் தெரியும். பர்தாவுக்கும் பிரச்சினையில்லை" என்றார் கணவர். கடைக்காரர் அவருக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறார்.

சகோதரிகளே, இந்தக் கண்ணாடியைப் பற்றி நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று நம் வீடுகளில் "பர்தாக் கண்ணாடி" போல விற்கப்படுவது இதுதான். பளபளப்பாகப் பூச்சுப் பூசிய அந்தக் கண்ணாடி தானாக எதையும் மறைப்பதில்லை. எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கத்தவருக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி. இருட்டில் நிற்பவருக்கு அது வெறும் ஜன்னல். பகலில் வெளியே வெளிச்சம், வீட்டுக்குள் மங்கல். ஆகவே வெளியே நிற்பவர் தன் முகத்தையே பார்ப்பார். மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் நீங்கள் விளக்கைப் போடுகிறீர்கள். அந்த நிமிஷமே எல்லாம் தலைகீழ். உள்ளே இருக்கும் நீங்கள் கண்ணாடியில் உங்களையே பார்த்து "வெளியே ஒன்றும் தெரியவில்லை, ஆகவே அவர்களுக்கும் தெரியாது" என்று நினைத்து முக்காட்டைக் கழற்றி வைக்கிறீர்கள். வெளியே போகிறவருக்கோ முழு வீடும் தெரிகிறது. நல்லதண்ணியில் ஆயிரக்கணக்கான பேர் நடப்பது எந்த நேரத்தில்? இராத்திரியில்!

இதை வாயால் சொல்லி விளங்கவைக்க முடியவில்லை. அன்று மாலை விளக்கைப் போட்டுவிட்டு, கண்ணாடியுள்ள அலுமாரிக் கடை ஒன்றைப் பாதையில் நின்று பார்க்கச் சொன்னேன். கணவர் பார்த்தார். திரும்பி வந்து ஒன்றும் பேசவில்லை.

அந்த வழியாகப் போகும் ஜனங்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் களைத்து, குளிரில் நடுங்கிக்கொண்டு போகிறவர்கள். நம் வீட்டை எட்டிப் பார்க்க வந்தவர்கள் அல்லர். ஒரு மனிதர் நபி (ஸல்) அவர்களின் அறையைத் துவாரம் ஒன்றின் வழியாக எட்டிப் பார்த்தபோது நபியவர்கள் தலை கோதும் கம்பியைக் கையில் வைத்திருந்தார்கள். நீ பார்ப்பது தெரிந்திருந்தால் இதனால் உன் கண்ணில் குத்தியிருப்பேன், அனுமதி கேட்பது ஏற்படுத்தப்பட்டதே பார்வைக்காகத்தான் என்ற கருத்தில் கண்டித்தார்கள். ஸஹ்ல் பின் ஸஅத் (ரழி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. இதை நாம் பயான்களில் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் நமது ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்கள் இதற்குப் போட்ட நிபந்தனையைக் கேட்பதில்லை. பார்த்தவன் சிறு துவாரம் வழியாகக் களவாகப் பார்த்திருக்க வேண்டும். கதவு திறந்து கிடந்தால், அல்லது ஜன்னல் விசாலமாக இருந்தால், வீட்டுக்காரருக்கு அவனைத் தாக்கும் உரிமை கிடையாது. ஏனென்றால் அசட்டை வீட்டுக்காரருடையது. இமாம்கள் எவ்வளவு நிதானமாகப் பேசியிருக்கிறார்கள் பாருங்கள். பாதை ஓரத்தில் ஆள் உயரத்துக்குக் கண்ணாடி போட்டுவிட்டு, பார்க்கிறவர்களை ஏசுவதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

நான் கணவரோடு முன்னறையில் இருந்து இந்தக் கண்ணாடிக் கதையைப் பேசிக்கொண்டிருந்தேன். என் மனைவி உள்ளே பெண்களோடு இருந்தார். ஒரு அரை மணி நேரத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "நீங்கள் இங்கே இருந்து பேசுகிறீர்கள். பிரச்சினை குசினியில் இருக்கிறது. வந்து பாருங்கள்."

போய்ப் பார்த்தேன். குசினியில் ஒரு ஜன்னல் இருந்தது, ஆனால் இல்லை. அதன் மேல் தகரம் அடித்து, தகரத்தின் விளிம்பைத் துணியால் அடைத்திருந்தார்கள். பதினொரு வருஷமாக அப்படித்தானாம். அடுப்பு விறகு அடுப்பு. பக்கத்தில் ஒரு கேஸ் அடுப்பும் இருந்தது. 2022ஆம் ஆண்டில் கேஸ் கிடைக்காமலும் விலை ஏறியும் போனதிலிருந்து அது பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறதாம். கூரை, சுவர், தட்டு எல்லாம் கறுப்பு. மாமி ஒரு பலகையில் இருந்து இருமிக்கொண்டிருந்தார். கண் சிவந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கிறது. பேரப்பிள்ளைக்கு நாலு வயது. அதற்கும் நெஞ்சு கரகரவென்று இழுக்கிறது. "குளிருக்குத்தான் மௌலவி" என்றார்கள்.

குளிர் மட்டும் காரணமல்ல. மூடிய அறையில் விறகுப் புகை என்பது நஞ்சு. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, வீட்டுக்குள் எரிக்கும் விறகு, கரி முதலியவற்றின் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 32 இலட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். அதில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். யார் இந்தப் புகையை அதிகம் சுவாசிக்கிறார்கள்? அடுப்படியில் நிற்கும் நீங்களும், உங்கள் மடியில் இருக்கும் பிள்ளையும்தான். வீட்டுத் தலைவர் முன்னறையில் இருக்கிறார். அவருக்குத் தெரியும் ஜன்னல் முன்பக்கத்து ஜன்னல்தான்.

ஏன் தகரம் அடித்தீர்கள் என்று மாமியிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "பொறத்தால பீலி ஈக்குது மௌலவி. நான் மௌத்தாகும் வரைக்கும் அந்தத் தகரத்தைக் கழட்டப்படாது" என்றார்.

குசினிக்குப் பின்னால் ஒரு சிறு இறக்கம், அதற்குக் கீழே லயத்துத் தொடரின் கடைசி வீடுகளுக்கான பீலி. அங்கே துணி துவைப்பார்கள், ஏனம் கழுவுவார்கள், பெண்கள் குறுக்குக் கட்டிக் குளிப்பார்கள். ஆண்களும் வருவார்கள். மாமியின் பயம் நியாயமானது. அங்கே நிற்கும் ஆணின் பார்வை குசினிக்குள் விழும். மாமி எல்லோரையும் விட மார்க்கத்தை மதித்துத்தான் அதைச் செய்திருக்கிறார். ஆனால் அவருக்குத் தோன்றாத இன்னொரு பக்கம் இருக்கிறது. குசினி ஜன்னலைத் திறந்தால், நம் வீட்டு ஆண்களின் பார்வை யார் மீது விழும்? பீலியில் குளிக்கும் அந்தப் பெண்கள் மீது.

அண்டைவீட்டுக்காரர் முஸ்லிம் இல்லாவிட்டாலும் அவர் அண்டைவீட்டுக்காரர்தான். அவருடைய மனைவி மக்களின் மானமும் மானம்தான். பார்வையைத் தாழ்த்தும்படி ஸூரத்துந் நூரில் (24:30) ஆண்களுக்கு முதலில் சொல்லப்பட்டிருக்கிறது. முஸ்லிம் பெண்ணைப் பார்த்தால் மட்டும் தாழ்த்துங்கள் என்று அங்கே சொல்லப்படவில்லை.

இப்படிப்பட்ட வழக்கு நமக்குப் புதிதல்ல. உமர் (ரழி) அவர்களின் கிலாஃபத் காலம். எகிப்தில் ஃபுஸ்தாத் நகரம் புதிதாக உருவான நேரம். காரிஜா பின் ஹுதாஃபா (ரழி) என்பவர் தன் வீட்டின் மேலே ஒரு மாடியறை கட்டினார். அதன் ஜன்னலிலிருந்து அக்கம்பக்கத்து வீடுகள் தெரியும் என்று பேச்சு எழுந்தது. செய்தி மதீனாவுக்குப் போனது. உமர் (ரழி) அவர்கள் கவர்னர் அம்ர் பின் ஆஸ் (ரழி) அவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். உடனே இடி என்று எழுதவில்லை. அந்த அறைக்குள் ஒரு கட்டிலைப் போடு, நெட்டையும் குட்டையும் இல்லாத ஒரு மனிதனை அதன் மேல் நிற்க வை, அவனுக்கு ஜன்னல் வழியாக வெளியே தெரிந்தால் இடித்துவிடு என்ற கருத்தில் எழுதினார்கள். அப்படியே செய்து பார்த்தார்கள். அவனுக்கு எட்டவில்லை. அறை தப்பியது. எகிப்தின் பழைய சரித்திர ஆசிரியர் இப்னு அப்துல் ஹகம் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

பிற்காலத்தில், 1869க்கும் 1876க்கும் இடையில் உஸ்மானிய அரசு வெளியிட்ட "மஜல்லா" எனும் சட்டத் தொகுப்பிலும் இதே விஷயம் வருகிறது. குசினி, கிணற்றடி, முற்றம் போன்று பெண்கள் புழங்கும் இடம் தெரியும்படி ஜன்னல் வைத்தால் அது அண்டைவீட்டாருக்குச் செய்யும் பெருந்தீங்கு, அதை மறைக்க வேண்டும். ஆனால் ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும் ஜன்னலை, ஏணி வைத்துப் பார்ப்பார் என்று சொல்லி மூடச் சொல்ல முடியாது. நமது மத்ஹபில், தன் சுவரில் வெளிச்சத்துக்காக ஜன்னல் வைப்பது ஒருவருடைய உரிமை; அதன் வழியாக அயலாரைப் பார்ப்பதுதான் ஹராம். எப்படிப் போனாலும் வழி ஒரே இடத்துக்குத்தான் வருகிறது. உயரத்தில் வையுங்கள். வெளிச்சமும் காற்றும் மேலேயும் வரும், புகைக்குப் போகத் தெரிந்த வழியே மேல்பக்கம்தான். பார்வைக்கு மட்டும் அந்த உயரம் எட்டாது.

மர பாஸ் அன்று மாலையே வந்தார், சிங்களச் சகோதரர். உமர் (ரழி) அவர்களின் கட்டில் கணக்கைச் சொன்னதும் அவருக்கு நிரம்பப் பிடித்துவிட்டது. குசினியில் பலகைக் கதிரை ஒன்றைப் போட்டு, கணவரை அதில் ஏற்றி, கண் மட்டத்துக்கு மேலே சுவரில் பென்சிலால் கோடு போட்டார். அந்தக் கோட்டுக்கு மேலேதான் ஜன்னலின் அடிச்சட்டம். அடுப்புக்கு நேர் மேலே கூரையில் புகைக்கூண்டு ஒன்று. அதற்கு வெளியே மழை விழாமல் தொப்பி. ஜன்னலுக்கு மூடித் திறக்கும் கண்ணாடிப் பட்டைகள் வைத்த லூவர். லூவர் குளிரை முழுதாகத் தடுக்காது என்பது உண்மைதான். குசினியில் அது குறையல்ல, நிறை.

கேஸ் அடுப்பு வைத்திருக்கும் சகோதரிகள் இன்னொன்றையும் கவனியுங்கள். 2021 கடைசியில் நாட்டில் கேஸ் வெடிப்புகள் அடுத்தடுத்து நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சமையல் கேஸ் காற்றை விடப் பாரமானது. கசிந்தால் புகையைப் போல மேலே போகாது, தண்ணீரைப் போலத் தரையில் தேங்கும். ஆகவே மேலே ஜன்னல் இருக்கிறது என்று நம்பி இருக்க வேண்டாம். வெளிச் சுவரின் அடியில், தரையோடு ஒட்டி, கம்பிவலை போட்ட ஒரு துவாரம் வேண்டும். வாசம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் கதவைத் திறந்து வெளியே போங்கள். மழைக் குளிரில் தணல் சட்டியைப் படுக்கையறைக்குள் வைத்து ஜன்னலை அடைத்துத் தூங்குவது அதை விட மோசம். தணலிலிருந்து வரும் வாயுவுக்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டு போய்விடும். நபி (ஸல்) அவர்கள் தூங்கும் முன் நெருப்பை அணைக்கும்படி சொன்னது மதீனாவில் ஒரு வீடு இரவில் தீப்பற்றிய சம்பவத்தை ஒட்டித்தான். இருட்டும் நேரத்தில் கதவுகளைச் சாத்தும்படியும் சொன்னார்கள். மூடுவதற்கு ஒரு நேரம் என்றால் திறப்பதற்கும் ஒரு நேரம் இருக்கிறது. மூடுபனி விலகி வெயில் தெரியும் முற்பகல் வேளையில் எல்லா ஜன்னலையும் அரை மணி நேரமாவது திறந்து விடுங்கள். மலைநாட்டு வீடுகளில் சுவர் மூலைகளிலும் அலுமாரிக்குப் பின்னாலும் பிடிக்கும் கறுப்புப் பூஞ்சணம் பெரும்பாலும் நம் மூச்சும், கேத்தல் ஆவியும், உள்ளே காயப் போட்ட துணியின் ஈரமும்தான்.

இனி எந்தச் சாமான் நல்லது என்ற கேள்வி. மச்சானின் அலுமினியத்தை நான் முழுதாகத் தள்ளவில்லை. அது உக்காது, கறையான் அரிக்காது. ஆனால் மரத்தை விட ஆயிரம் மடங்குக்கு மேல் குளிரையும் சூட்டையும் கடத்தும். குளிர்ந்த சட்டத்தில் வீட்டு ஈரம் முத்து முத்தாகக் கோத்து வடியும். சறுக்கு ஜன்னல் என்றால் எப்போதும் பாதிதான் திறக்கும் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் திறப்பது முழுதும் திறக்கும். அலுமினிய அடிச்சட்டத்தில் வெளிப்பக்கமாகச் சின்னத் துளைகள் இருக்கும். மழைத் தண்ணீர் வெளியே போக வைத்த துளைகள் அவை. சில பாஸ்மார் "ஓட்டை" என்று நினைத்து சிலிக்கன் வைத்து அடைத்துவிடுவார்கள். பிறகு தண்ணீர் வீட்டுக்குள் வரும். யூ.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் சட்டம் அலுமினியம் போலக் குளிர்வதில்லை, உக்குவதுமில்லை. விலையும், பொருத்தத் தெரிந்த ஆளும்தான் அதில் சங்கடம்.

மரத்துக்கு இப்போதும் மரியாதை உண்டு. தேக்கு, பலா இரண்டும் இந்த மழையைத் தாங்கும். ஆனால் மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தில் செய்த ஜன்னல் வெயில் காலத்தில் அழகாக மூடும், மழைக்கு ஊதி இறுகிவிடும். நம் சகோதரி வீட்டில் திறக்க முடியாத இரண்டும் அப்படி ஆனவைதான். நிலையைச் சுவரில் வைக்கும் முன்பே, வெட்டு முனைகள் உட்பட எல்லாப் பக்கமும் பூச்சு அடிக்கச் சொல்லுங்கள். வைத்த பிறகு அடித்தால் சுவர்ப் பக்கம் வெறுமையாகவே இருக்கும், உக்கல் அங்கேதான் தொடங்கும். அடிப்படி வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும், அதன் கீழே தண்ணீர் சொட்டி விழ ஒரு கோடு வெட்டியிருக்க வேண்டும். கூரைத் தாழ்வாரம் குறைவாக இருந்தால், ஜன்னலுக்குச் செலவழிப்பதற்கு முன் அதை நீட்டுங்கள்.

மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதும் உங்கள் கடமை. பலா மரம் வெட்ட 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். நல்லதண்ணியோ காட்டு விளிம்பு. மலையைச் சுற்றியுள்ள வனம் சரணாலயம். 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. அரை விலைக்கு, பில் இல்லாமல், இராத்திரியில் கொண்டு வந்து இறக்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அது என்ன மரம் என்று உங்களுக்கே தெரியும். ஹலாலான இறைச்சி வாங்க ஹட்டன் வரை போகிறோம். ஜன்னல் மரத்துக்கும் அதே பேணுதல் இருக்கட்டும்.

முன்பக்கத்து ஜன்னல்களுக்கு வருகிறேன். அளவை மாற்றாமல் இரண்டாகவே இருக்கட்டும் என்றேன். கீழ்ப்பாதிக்குப் பனிக் கண்ணாடி, மேல்பாதிக்குத் தெளிந்த கண்ணாடி. பனிக் கண்ணாடி பகலிலும் இரவிலும் ஒரே மாதிரி மறைக்கும். அதில் சொரசொரப்பான பக்கம் ஒன்று உண்டு. அது நனைந்தால் கண்ணாடி தெளிந்துவிடும். ஆகவே மழை அடிக்கும் சுவரில் சொரசொரப்பு உள்பக்கம் வர வேண்டும். குளியலறையில் அதற்கு மாறாக, ஆவி படாமல் வெளிப்பக்கம். கண்ணாடிக்கு மிக அருகில் நின்றால் நிழலுருவம் தெரியும் என்பதால், இரவில் திரைச்சீலையையும் இழுத்து விடுங்கள். தடித்த சீலை குளிரையும் தடுக்கும். பிள்ளைகள் மோதக்கூடிய தாழ்வான இடத்தில் உடைந்தால் சிறு மணிகளாக உதிரும் "டெம்பர்ட்" கண்ணாடியே போடுங்கள்.

கள்வனுக்குப் பயந்து ஐந்து ஜன்னலுக்கும் இரும்புக் கம்பியை வெல்டிங் பண்ணி அடைத்துவிடாதீர்கள். லயங்களில் தீப்பிடித்து எத்தனை குடும்பங்கள் வீதிக்கு வந்திருக்கின்றன! வெள்ளைக்காரன் காலத்து லயத்து அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஒரே வாசல், பல அறைகளுக்கு ஜன்னல் என்று சொல்லத்தக்கது இல்லை. அவர்களுக்கு அது விதிக்கப்பட்டது. நாமாகப் பணம் கொடுத்து நம் வீட்டை அப்படி ஆக்கிக்கொள்ள வேண்டுமா? படுக்கையறைக் கம்பியில் ஒன்றாவது உள்ளிருந்து திறக்கக்கூடியதாக, சாவி பிள்ளைகளுக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும்.

மேற்குச் சுவர் ஜன்னல் ஒரு தனிக் கதை. நம் நாட்டில் கிப்லா ஏறக்குறைய மேற்கு, சற்று வடக்கே சாய்ந்தது. சகோதரி தொழுவது அந்த ஜன்னலுக்கு முன்னால். இரவில் கண்ணாடியில் தன்னுருவமே தெரிகிறது, இஷா தொழுகையில் மனம் நிற்கவில்லை என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார். தொழுகை கூடும். ஆனால் நபி (ஸல்) அவர்கள், ஆயிஷா (ரழி) அவர்களின் வண்ணத் திரை தொழுகையில் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதாகச் சொல்லி அதை அகற்றச் செய்ததாக அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். மழை முகத்தில் அடிக்கும் சுவரும் அதுதான். அந்த ஜன்னலைச் சிறிதாக்கி உயர்த்திவிடுங்கள் என்றேன். பணமும் மிஞ்சும். ஜலாலுத்தீன் ரூமி (ரஹ்) அவர்களின் மஸ்னவியில் ஒரு நிகழ்ச்சி வரும். புது வீடு கட்டிய முரீதிடம், ஜன்னல் எதற்கு என்று ஷைகு கேட்கிறார். வெளிச்சத்துக்கு என்கிறார் அவர். பாங்கு கேட்பதற்கு என்று நிய்யத் வைத்திருக்கக்கூடாதா, வெளிச்சம் எப்படியும் வந்திருக்குமே என்கிறார் ஷைகு. சகோதரியின் கணவர் இதைக் கேட்டுச் சிரித்தார். "அப்ப சின்ன ஜன்னல் போதும்" என்றார்.

பணம் போதாது என்பதுதான் கடைசிப் பிரச்சினை. ஐந்தையும் ஒரே தடவையில் மாற்ற அவர் கடன் எடுக்கப் பார்த்தார். தவணை முறையில் விலையை முன்கூட்டியே பேசி முடித்து வாங்குவது கூடும். தவணை தவறினால் வட்டி சேரும் என்ற வரி பத்திரத்தில் இருந்தால் கையெழுத்து வைக்காதீர்கள். ஐந்தையும் ஒன்றாக மாற்ற வேண்டும் என்று யார் சொன்னது? இந்த வருஷம் குசினி. அடுத்த சீஸன் கழித்துப் படுக்கையறை. முன்பக்கம் கடைசியில். கட்டார் மச்சானுக்கு இதைச் சொல்லும் பொறுப்பைக் கணவர் என்னிடம் தள்ளப் பார்த்தார். நான் ஏற்கவில்லை.

தகரத்தைக் கழற்றுவதற்கு முன் பீலிக்கரை வீட்டாரிடம் போய், இந்த உயரத்தில் ஜன்னல் வைக்கப் போகிறோம், உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டுவிட்டு வாருங்கள் என்று சொன்னேன். சகோதரியும் என் மனைவியும் போனார்கள். அங்கிருந்த அம்மா கையில் இருந்த குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "நாங்க பீலியில பொழங்குறது புடிக்காமத்தான் தகரம் அடிச்சீங்கன்னு இத்தன வருஷமா நெனச்சிக்கிட்டு இருந்தோம்" என்றாராம். பதினொரு வருஷம்! ஒரு சுவர் இடைவெளியில் இருந்த இரண்டு வீடுகள்.

சகோதரி இதை வந்து சொன்னபோது மாமி ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய், காலையில் சுட்ட ரொட்டியில் நாலைத் துணியில் சுற்றி, பின்வாசலால் இறங்கிப் போனார். நாங்கள் புறப்படும் நேரம் வரை திரும்பி வரவில்லை.

போன வாரம் மறுபடியும் கடிதம் வந்திருக்கிறது. குசினி ஜன்னல் வைத்தாகிவிட்டது. மாமியின் இருமல் முற்றாக நிற்கவில்லை. மஸ்கெலியா ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறார்கள், அதைத் தொடர்ந்து காட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். பிள்ளைக்குப் பரவாயில்லையாம். கழற்றிய தகரத்தை எறியவிடாமல் மாமி கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாராம். கோழிக்கூட்டுக்கு ஆகுமாம்.